குஞ்சு காத்த விரால்

எழுபதுகளின் கடைசியில் கலியாணமாகி ராசிங்காபுரம் வந்தேன். அப்பா குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி. ஓடைத் தண்ணீரைத் தவிர வேறு நீரை அறியாதவள் நான். என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கண்மாயில் தூண்டில் போடுவாள் என்று வீட்டில் சொன்னபோது, புதுப்பெண்ணைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. காட்டு வேலை முடிந்த மதியங்களில் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கையில் இரண்டு மூங்கில் கம்பு. ஒன்று கெண்டைக்கு, அதில் புண்ணாக்கும் கேப்பை மாவும் பிசைந்த உருண்டை. மற்றது விராலுக்கு, அதில் சின்னத் தவளை. கெண்டை வந்து தக்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கும்போது நான் பதறுவேன். அக்கா அசையமாட்டாள். தக்கை முழுதாக முங்கிய நொடியில் அவள் மணிக்கட்டு மட்டும் ஒரு சுண்டு சுண்டும். மீன் கரையில் கிடக்கும். அவ்வளவு சிக்கனமாக வேலை செய்யும் கையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஒரு நாள் கோரைப் புதருக்கு அருகே தண்ணீர் சிவப்பாகக் குமிழியிட்டது. விரால் குஞ்சுகள் என்றாள் அக்கா. மூச்சு விட மேலே வருகின்றனவாம். அடியில் பெரிய மீன் காவல் நிற்குமாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரிய முதுகு ஒன்று புரண்டு மறைந்தது. தவளையைப் போடச் சொன்னேன். குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் விரால் பசியில்லாமலே பாய்ந்து கடிக்கும், இப்போது அதைப் பிடிப்பது சுலபம் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டுத் தூண்டில் நரம்பைக் கம்பில் சுற்றினாள்.

“இன்னைக்கு இதப் பிடிச்சா, நாளைக்குள்ள கெளுத்தி அம்புட்டுக் குஞ்சையும் தின்னுபோடும். நாம தள்ளிப் போவம், தங்கச்சி.”

நாங்கள் நகரும் முன்பே அக்காவின் கணவர் தூண்டிலோடு கரை இறங்கி வந்தார். போடியிலிருந்து விருந்தாட்கள் வந்திருந்தார்கள். விரால் குழம்பு வைக்கவேண்டுமாம். இந்தப் பக்கம் நடமாட்டம் உண்டா என்று கேட்டார். அக்கா புதரை மறைத்து நின்றுகொண்டாள்.

“இங்கன ஒண்ணுமில்ல. வெரசா மதகடிக்குப் போங்க.”

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய்ச் சாக்குச் சொல்லிக்கூட ஒரு விசேஷத்துக்குப் போகாமல் இருக்கத் தெரியாதவள் அவள். அவர் நம்பிப் போய், வெறுங்கையோடு திரும்பினார். விருந்தாட்களுக்குக் கெண்டைக் குழம்புதான். இந்தக் கண்மாயில் இப்போதெல்லாம் விராலே இல்லை என்று அவர் சாப்பிடும்போது குறைபட்டுக்கொண்டார். அக்கா முகம் மாறாமல் பரிமாறினாள். நான்தான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அதன்பிறகு தினமும் அந்தப் புதரைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். ஒரு மாதம் போலிருக்கும். குஞ்சுகள் சிவப்பு மாறி, கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பிரிந்துபோயின. மறுநாள் அக்கா விராலுக்கான நீளமான கம்பை எடுத்தாள்.

தவளை தாமரை இலைமேல் இரண்டு தத்துத்தான் தத்தியது. இலையோடு சேர்த்துத் தண்ணீர் வெடித்தது. அவள் இழுக்கவில்லை. கம்பைத் தாழ்த்தி, மீன் போன பக்கமே இடுப்பளவு நீரில் நடந்தாள். விரால் கோரையைச் சுற்றிக்கொண்டது. நரம்பு அறுந்துவிடும் என்று கரையிலிருந்து கத்தினேன். அவள் குனிந்து, தடவித் தடவி ஒவ்வொரு தண்டாக விலக்கி, செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கினாள். அவள் கை நீளத்துக்கு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

வீட்டில் அதைக் கணவர் முன்னால் வைத்தாள்.

“அன்னைக்கு நீங்க கேட்ட மீனு. அப்ப அதுக்குப் பிள்ள பாக்குற சோலி இருந்துச்சு.”

அவர் அவளையும் மீனையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டு, மீனைத் தானே உரசிக் கழுவ உட்கார்ந்துவிட்டார்.