குரலை மாற்றிப் போடச் சொன்னவள்

ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள் எழுத வந்திருக்கிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுபவள் நான். இவளெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எனக்காக இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.

லெட்சுமி அக்காவின் வடைக்கடையைக் காட்டிக்கொடுத்தது நான்தான். அந்தப் பழி சித்ராவின் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான்!

அக்காவின் கடை பினாங்கில் ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டை ஒட்டி இருக்கிறது. மாவு அரைப்பதும் வடை தட்டுவதும் என் வேலை. வேலை கைக்குத்தான், காது சும்மாதானே இருக்கிறது? ஒரு காதில் பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு தமிழ்ப் பையன்கள் தேர்தல், பட்ஜெட், வட்டி, மானியம் எல்லாம் பேசுவார்கள். பாதி புரியாது. மறுபடி போட்டுக் கேட்பேன்... புரிந்துவிடும்.

"என்ன மலரு, காதுல பாட்டா?" என்பார் அக்கா.

"ஆமாக்கா."

அரசியல் கேட்கிறேன் என்று சொல்ல வெட்கம். வடை தட்டுகிறவளுக்கு நாட்டு நடப்பு எதற்கு என்று யாராவது கேட்டார்களா? இல்லை. நானே கேட்டுக்கொண்டு நானே அடங்கிப் போனேன்.

ஒரு நாள் அவர்கள் சமையல் எண்ணெயைப் பற்றிப் பேசினார்கள். மானிய விலையில் வரும் பாக்கெட் எண்ணெய் வீடுகளுக்கு மட்டும்தான். கடைக்காரர்கள் அதில் பொரித்து விற்பது குற்றம். அதற்கு "கசிவு" என்று பெயராம். ஒருவன் சிரித்துக்கொண்டே, "கசிவுன்னு என்ன மரியாதை? திருட்டு லா!" என்றான்.

திருட்டா! என் எதிரே அக்கா அந்தப் பாக்கெட்டைத்தான் கத்தரித்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கேட்பவர்கள் குரல் பதிவு அனுப்பலாம் என்று அவர்கள் எப்போதும் சொல்வார்கள். மார்க்கெட் கழிவறைச் சுவருக்குப் பின்னால் நின்று பேசினேன். ஆள் நடமாட்டம் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

"தம்பி, எங்க பக்கத்துல ஒரு அக்கா அந்த எண்ணெயிலதான் வடை போடுறாங்க. அதே சட்டியிலதான் அவங்க பிள்ளைங்களுக்கும் பொரிக்கிறாங்க. எது வீடு, எது கடை? சட்டம் எழுதுறவங்க வந்து அந்தச் சட்டி நடுவுல கோடு கிழிச்சுக் காட்டட்டும், பார்ப்போம்!"

யாருடைய பெயரையும் சொல்லவில்லை. என் குரலையும் மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மாற்றினார்கள்... கட்டையான ஆண்குரல். ஆனால் நான் கதை விடவில்லை என்று காட்டுவதற்காக, "வடைக்கு நெத்திலி சம்பல் குடுக்கிற கடை" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். ஆயர் ஈத்தாமில் வடைக்கு அந்தக் காரத் துவையலைக் கொடுப்பது அக்கா மட்டும்தான். பினாங்கில் கடையைப் பெயரை வைத்தா தேடுகிறார்கள்? சம்பலை வைத்துத்தான்!

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். பாக்கெட்டுகளை எடுத்துப் போனார்கள். அபராதம் விதித்தார்கள். கடை கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. பாட்காஸ்டைக் கேட்டுத்தான் வந்தார்களா? தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பது எனக்கு எவ்வளவு வசதி என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பதிவு மார்க்கெட் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அக்கா கைப்பேசியைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டார்.

"அடிப் பாவி! இது சித்ரா புருஷன் குரலு! அப்படியே மோகன் பேசுற மாதிரியே இருக்கு பாரு மலரு."

சித்ரா எங்களுக்குப் பக்கத்தில் வாழைப்பழம் பொரித்து விற்றவள். மேசை போடும் இடத்துக்காக அக்காவோடு ஏற்கெனவே உரசல் இருந்தது.

"அக்கா..." என்றேன்.

"என்னடி?"

"மாவு போதுமான்னு கேட்டேன்."

இவ்வளவுதான் நான்!

சித்ரா சத்தியம் செய்தாள், அழுதாள். யாரும் நம்பவில்லை. காட்டிக்கொடுத்தவள் கடை என்று ஒதுக்கினார்கள். பொரித்த பழம் அப்படியே கிடந்து ஆறிப்போகும். கடைசியில் கடையை எடுத்துக்கொண்டு கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்துக்கே போய்விட்டாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"மலரக்கா, நீங்களாச்சும் என்னை நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்றேன். பொய்யில்லை... இந்த உலகத்தில் என்னைவிட உறுதியாக அவளை யாரால் நம்ப முடியும்!

கூச்சத்தால் சும்மா இருந்தாள் என்று என்மேல் இரக்கப்படாதீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: மார்க்கெட்டே அந்தப் பதிவைக் கேட்டுக் கொதித்தபோது, எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. என் பேச்சு! என் பேச்சுக்கு இத்தனை பேர் பதில் சொல்கிறார்கள்! அந்தச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அதன் விலையைச் சித்ரா கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டேனா? இருந்துவிட்டேன்.

இப்போது நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன்! அந்தப் பையன்கள், "நேயர் உணர்ச்சிவசப்படுறாரு" என்று சொல்லிக் கடந்து போனார்கள். போகட்டும். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கலாம். என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கும் கேட்பேன், நாளை மறுநாளும் கேட்பேன். நாட்டைப் பற்றிப் பேச எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆனால் என் பேச்சை இன்னொருவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டேன். அதற்கு நியாயம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... கிடைக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவைத்த மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்தாமல் சிரித்தார். "நீயா? உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வர்றதுக்கே பொழுது விடிஞ்சிடும். அது ஆம்பளக் குரலுடி! பாவம் பார்த்து அவ பழியை உன் தலையில போட்டுக்காத லா." குரலை மாற்றிப் போட்டார்கள் என்று மறுபடியும் சொன்னேன். "வடை கருகுது பாரு" என்றார். மதியம் மழை பிடித்துக்கொண்டதால் கடையைச் சீக்கிரமே அடைத்தோம்.