சித்தையனின் வாயில் வராத சொல்

“பந்தல்னு கேக்கறவனுக்குத்தான் நான் கால் நடுவேன். வேற பேரு சொல்லி வந்தா, அரமனைக்காரங்களே ஆனாலும் திரும்பிப் போகட்டும். அந்தப் பேரெல்லாம் என் வாயில வராது.”

தேவராஜ மொஹல்லாவில் கடை போட்ட அன்று சித்தையன் இப்படி அறிவித்தபோது அவருக்கு வயது முப்பது. கௌதள்ளியிலிருந்து ஒரு வண்டி மூங்கிலோடு வந்திறங்கியவர். மைசூரோ ஒரே நிழலுக்குச் சப்பரம், ஷாமியானா, பெர்கோலா என்று காலத்துக்கொரு பேர் வைத்துக்கொண்டிருந்தது.

சொல்லின் பிறப்பிலும் அவருக்கு ஐயமில்லை. பந்தம் என்றால் கட்டு, கட்டுவதால் பந்தல். ஆதாரம் கேட்டவர்களுக்குக் கயிற்றைக் காட்டினார். இங்கிலீஷ்காரனே அந்தச் சொல்லை எடுத்துத் தன் அகராதியில் வைத்துக்கொண்டிருக்கிறான், மைசூர்க்காரனுக்கு என்ன கேடு என்பது அவர் கட்சி.

“அண்ணா, மனை முன்னாடி ஒரு சப்பரம் போடணும்,” என்று வந்தார் வாத்தியார் ரவிக்குமார்.

“சப்பரத்துல சாமி ஏறும். நீங்க ஏறப் போறீங்களா?”

வாத்தியார் எந்தப் பேர் சொன்னாலும் நிழல் போட்டுத் தரும் எதிர்க்கடைக்குப் போனார். அவர் பின்னால் இருபத்தெட்டு வருஷம் ஊரே போனது. சித்தையனிடம் மிஞ்சியவை நாற்பது மூங்கிலும் ஒரு மகளும்.

மகள் தாரணிக்குக் கல்யாணம் கூடி வந்தது. ராமாபுரத்து மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு, வாசல் பந்தலை மட்டும் பெண் வீட்டுக்கு விட்டார்கள். அவருக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. முந்தின நாள் காலை மண்டப வாசலில் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். டங்கென்று திரும்பி வந்தது. போன மாதம்தான் தெருவுக்குச் சிமெண்டு போட்டிருந்தார்கள். மண் நிரப்பிய டின்களில் கால்களை நட்டார். பந்தல் நின்றது, ஒரு ஆட்டோ பின்பக்கமாக வரும்வரை.

“ஏனுங்க,” என்றாள் மனைவி பூவாத்தாள், சரிந்து கிடந்த கீற்றுகளைப் பார்த்து. “நாளைக்குச் சம்பந்தி ஊட்டுக்காரங்க வெயில்ல நிக்கட்டுமா? இல்ல, உங்க சபதத்த விரிச்சுக் கட்டறீங்களா?”

குழி தோண்டாமலே நிற்கும் இரும்புச் சட்டம் எதிர்க்கடையில்தான் இருந்தது. சித்தையன் போய் நின்றதும், அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான மனிஷா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன வேணும் அங்கிள்?”

“பந்தல்.”

“கீத்துப் பந்தலா? அதெல்லாம் நாங்க போடறதில்ல. எதிர்ல ஒரு தாத்தா போடுவாராம். ஆனா பேரு மாத்திக் கேட்டா சண்டைக்கு வருவாராம், பாத்துப் போங்க.”

சித்தையனுக்குப் பந்தம், கயிறு, அகராதி எல்லாம் தொண்டைவரை வந்தன. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“பெர்கோலா,” என்றார். “சின்னதா ஒண்ணு போதும்மா.”