தோட்டாக் கோதும் தீர்த்தச் செம்பும்

துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தபிறகு, வெடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கழுவி, மருந்து நிரப்பி மீண்டும் பாவிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கழுவுவதற்கு ஒரு சுழல் மெஷின் தேடி மூன்று கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன். சத்தம் வராத றப்பர் உருளை, அகன்ற வாய், வலுவான மோட்டர் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். தண்ணீர், சவர்க்காரம், சின்ன உருக்கு ஊசிகள் போட்டுச் சுழலவிட்டால் கோதெல்லாம் தங்கம்தான்!

கெபெக்கின் பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டு கராஜுக்குள் எட்டிப் பார்த்த மனைவி, "புளி போட்டுத் தேய்ச்சாலும் என்ர செம்பு இப்பிடி மினுங்காதப்பா" என்றாள். எனக்குப் புளுகம் தாங்கவில்லை. சாமியறைத் தீர்த்தச் செம்பையும் அதே உருளைக்குள் போட்டேன். புதுசுபோல வந்தது.

அடுத்த நாள் கிளப்பில் அதன் படத்தைக் காட்டினேன். ஒரு கெபெக் நண்பரின் முகம் மாறிவிட்டது. "இதில் குடிப்பீர்களா? கோதுக் கரியில் ஈயம் இருக்கும், அது நஞ்சு" என்றார். உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"செம்பில தண்ணி விட்டிட்டியா?"

"இல்லையப்பா, இப்பதான் துளசி பிடுங்கிறன். ஏன்?"

முருகா!

அந்தச் செம்புக்குள் இப்போது உருக்கு ஊசிகள்தான் கிடக்கின்றன, கராஜில். மெஷினுக்குள் கோதைத் தவிர வேறொன்றும் போவதில்லை. கையுறை இல்லாமல் நான் அதைத் தொடுவதுமில்லை. சாமியறையில் புதுச் செம்பு மினுங்குகிறது. வியாழன்தோறும் அதைப் புளி போட்டுத் தேய்ப்பது நான்தான்.

"அந்த மெஷினைவிட நீங்கள் சத்தம் குறைவப்பா" என்கிறாள் மனைவி.