மாமிக்கு வந்த மாவடு

இன்று காலை கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கி வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, என் கையில் ஒரு மாவடு ஜாடி இருந்தது. மதுரையிலிருந்து மாமியின் தங்கை கொடுத்துவிட்டது.

ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கால் இரண்டும் மரத்துப் போயின.

தலைமன்னார்ச் சுங்கத்தில் பட்ட பாடு வேறு.

"ஊறுகாய்க்குள்ள தங்கம் ஒளிச்சுக்கொண்டு வாற ஆக்களும் இருக்கினம்," என்றார் உத்தியோகத்தர். ஜாடியைப் பறித்து வைக்கப் போனார். நான் கெஞ்சினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். கடைசியில் மனிதர் இரங்கி, ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கிண்டிப் பார்த்து, "சரி, கொண்டு போங்கோ," என்றார்.

இந்த வீரப் பிரதாபத்தை நான் மாமியிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஜாடியை வாங்க நீட்டிய கையை மாமி இழுத்துக்கொண்டார்.

"கம்பி விட்டது வெள்ளைக்காரத் துரையோ?"

"இல்லை மாமி, எங்கட தமிழ் ஆள்தான்."

"துரையெண்டால் பரவாயில்லை. எங்கட ஆளெண்டால், என்ன ஆக்கள், என்ன சாதியெண்டு விசாரிச்சனீங்களோ?"

விசாரிக்கவில்லை.

இப்போது ஜாடி அடுப்படி வாசலுக்கு வெளியே இருக்கிறது. பக்கத்தில் நானும் இருக்கிறேன், இன்னும் குளிக்கவில்லை.

மாவடு வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம். ஆனால் கம்பிக் கதையை உங்கள் வீட்டில் மூச்சுவிடாதீர்கள். தலைமன்னாரிலாவது கெஞ்சினால் விடுகிறார்கள்.