கறுப்பு விரால், வெள்ளை விரால்

விரால் மீனைச் சாம்பல் தொட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்க்கும்போது, பச்சைக் கோரையை ஒடித்து முகர்ந்தால் வருமே அந்த மாதிரி ஒரு வாசனையும் அதற்கடியில் லேசான சேற்று நெடியும் சேர்ந்து எழும். கல்லுப்பைத் தூவி இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் மேலிருக்கும் வழவழப்பெல்லாம் நுரையாகக் கழன்று ஓடும். நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வாசனைதான். என் அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் பிறத்தியார் கழனியில் கூலிக்கு இறங்கியவர்கள். நைனாதான் முதல்முதலாகக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பெங்களூர் சாலையோரம் இருந்த ஒரு பெயின்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். வார நாளெல்லாம் கம்பெனி, விடுமுறை என்றால் தாங்கல். ஊருக்குப் பின்னால் கிடந்த சின்ன ஏரியைத்தான் தாங்கல் என்போம்.

எங்கள் தாங்கலில் கிடைக்கும் விரால் கறுப்பு. முதுகு முழுக்கக் கறுத்து, வயிற்றில் மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும். அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா வேப்பம்பட்டில் இருந்தார். அந்தப் பக்கத்து ஏரியில் மண் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தெளிந்து நிற்கும், அங்கே பிடிபடும் விரால் வெளிறி, மணல் நிறத்தில் இருக்கும். இரண்டும் ஒரே மீன்தானா, வேறு வேறு சாதியா என்பதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. எங்களுக்கு அது "கறுப்பு வெராலு", இது "வெள்ள வெராலு", அவ்வளவுதான்.

பிடிக்கும் விதமும் வேறு. கறுப்பு விராலுக்குத் தூண்டிலில் குட்டித் தவளையைக் கோத்து, ஆகாயத்தாமரை இலைகளின் மேல் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். அடியில் பதுங்கியிருக்கிற மீன் இலையோடு சேர்த்துப் "பொளக்" என்று கவ்வும், அந்தக் கணமே வெட்டி இழுத்தால் ஆயிற்று, இல்லையென்றால் வேருக்குள் புகுந்து தூண்டில் நரம்பைச் சிக்கலாக்கிவிடும். நைனாவின் சுபாவத்துக்கு அது சரியாகப் பொருந்தியது, அவருக்கும் எதையும் உடனே செய்துவிட வேண்டும். வெள்ளை விரால் அப்படியில்லை. தெளிந்த தண்ணீரில் கரையில் நிற்கிற ஆளின் நிழலைக்கூடக் கண்டுகொள்ளும். உயிருள்ள கெண்டைப்பொடியைக் கோத்துப் போட்டுவிட்டு, மாமா கருவேல மரத்தடியில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார். மீன் இரையை மெதுவாக வாயில் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், போகவிட்டு அப்புறம்தான் இழுக்க வேண்டும். "உங்க நைனா வந்தா இந்த ஏரில ஒரு மீனும் மாட்டாது கண்ணு, அவுரு இருமுனாலே பாதி ஏரி காலி" என்று மாமா என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் இருவரும் விட்டுக்கொடுத்ததே கிடையாது. கறுப்பு விராலின் சதை இறுக்கமாக, கொழுப்போடு இருக்கும், குழம்பு இரண்டு நாள் தாங்கும். ஆனால் சேற்று வாடையைப் போக்க மஞ்சளும் புளித்தண்ணீரும் ஊற்றி ஊறவைத்தாக வேண்டும். வெள்ளை விரால் மெத்தென்று, மெல்லிய தித்திப்போடு இருக்கும். கொஞ்சம் அதிகமாகக் கொதித்துவிட்டால் குழம்பிலேயே கரைந்து முள்தான் மிஞ்சும். இன்றைக்கு என்னைக் கேட்டால் குழம்புக்குக் கறுப்பு, வறுவலுக்கு வெள்ளை என்பேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியிருப்பேன்.

இந்த வழக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வம்பாகிவிட்டது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். விடிந்ததிலிருந்து வெயிலில் நின்று நைனா பிடித்து வந்த மீன். அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மாமா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு மீதியை இலையோரம் ஒதுக்கினார். "இன்னாக்கா, சேறு அடிக்குது. எங்க ஏரி வெராலு வெண்ண மாரி கீது தெரியுமா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நைனாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"புடிக்கலன்னா எந்திரி. உன் ஊட்டுக்குப் போய் வெண்ணையே தின்னு, போ."

சாப்பிடுகிறவனை இலையிலிருந்து எழுப்புவதைவிடப் பெரிய அவமரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஜென்மப் பகையாளியைக்கூடக் கை கழுவும்வரை விட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள். மாமா குழம்புக் கையோடு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை பின்னால் ஓடினாள், மாமா திரும்பிப் பார்க்கவில்லை. நைனாவுக்கு அன்று சாயங்காலமே மனசு உறுத்தியிருக்க வேண்டும், சோறு சரியாக இறங்கவில்லை. ஆனால் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிற ஆள் அவர் இல்லை. தீபாவளி போயிற்று. பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீராக மாமா கொண்டுவரும் கரும்பும் புடவையும் அந்த வருஷம் வரவில்லை. அம்மா இதைப் பற்றி நைனாவிடம் வாய் திறக்கவில்லை. பேருந்து வந்து நின்றால் மட்டும் யார் இறங்குகிறார்கள் என்று வாசலில் வந்து எட்டிப் பார்ப்பாள்.

அந்தக் கோடையில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தையல் போட்ட இடம் சீழ் வைத்து, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தம் செய்து கட்டுப்போட்டுக்கொண்டு வந்தாள். ஊசியும் மாத்திரையும் கொடுத்த டாக்டர், உடம்பில் தெம்பே இல்லை, முட்டை, மீன் என்று நன்றாகச் சாப்பிட்டால்தான் புண் ஆறும் என்றார். அம்மாவோ கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. எனக்கு அப்போது விவரம் தெரிகிற வயசு. அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று பயந்து, அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மாமாவுக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது. சொல்லி அனுப்ப நைனாவுக்கு மனசு வரவில்லை.

நைனா தாங்கலுக்குப் போய் நல்ல விராலாக ஒன்று பிடித்துவந்து அறுக்கப்போனார். படுத்திருந்த அம்மா, "அது வாணாம்" என்றாள். "கறுப்பு வெராலு கரப்பான். புண்ணு இன்னும் பொங்கும். வெள்ள வெராலுன்னா துன்றேன்."

கரப்பான் என்றால் சாப்பிட்டதும் உடம்பில் அரிப்பைக் கிளப்பி, புண்ணை ஆறவிடாமல் செய்யும் பண்டம். கத்தரிக்காய், கருவாடு என்று எங்கள் வீடுகளில் அதற்குப் பெரிய பட்டியலே உண்டு. கறுப்பு விரால் அதில் சேர்த்தி என்று அதற்கு முன் யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் நோயாளி சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவது? நைனா பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போய்த் தேடினார். அங்கே அலுமினியத் தொட்டியில் உயிரோடு நெளிந்ததெல்லாம் கறுப்பு. "அண்ணாத்தே, வெள்ள வெராலுக்கு நான் எங்க போவேன், வேப்பம்பட்டு பக்கம் கேட்டுப் பாருங்க" என்று மீன்காரம்மா வேறு சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் நைனா வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா வேண்டாம் என்று சொன்ன மீனைக் கொல்ல மனசில்லாமல், கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்து பாதியாக அறுத்து வைத்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி விட்டு வைத்திருந்தார். மேலே பலகையைப் போட்டுக் கல் வைத்தார். இல்லையென்றால் விரால் துள்ளி வெளியே விழுந்து தெருவரை ஊர்ந்துகூடப் போகும். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மீனுக்கு மண்புழு போடலாம் என்று பலகையை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே இருந்தது எங்கள் மீன் இல்லை. மணல் நிறத்தில் வெளிறிப்போய், அசல் வேப்பம்பட்டு விரால் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

கத்திவிட்டேன். நைனா ஓடிவந்து வாயைப் பொத்தினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "இருக்கற எடத்து நெறத்துக்கு வந்துடுது பாரு. எல்லாம் ஒரே மீனுதான் போலகீது."

"அப்ப இதையே ஆக்கி அம்மாவுக்குக் குடுத்துடலாமா நைனா?"

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மாமா இல்லாமலேயே வெள்ளை விரால் வந்துவிட்டது, அம்மா சாப்பிட்டுவிடுவாள், பிழைத்துவிடுவாள் என்று.

மறுநாள் நைனா கம்பெனிக்குப் போகவில்லை. மீனை வாளியில் எடுத்துக்கொண்டு, "நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டார். தாங்கல் கரையில் வாளியைக் கவிழ்த்தார். வெள்ளையாக ஆகிவிட்டிருந்த அந்த மீன் கலங்கல் தண்ணீரில் ஒரு தடவை பளிச்சென்று தெரிந்து கோரைக்குள் போய் மறைந்தது. நான் அழ ஆரம்பித்தேன். "ஊட்ல இத பத்திச் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலி வாளியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஆவடிக்கு பஸ் ஏறினார், ஆவடியில் ரயில்.

வேப்பம்பட்டில் மாமா வாசலில் உட்கார்ந்து தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நைனா செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவிலேயே நின்றார்.

"வெள்ள வெராலு ஒண்ணு வேணும்."

"உனக்கு எதுக்கு மாமா அது? வெண்ண தின்றவனுக்குத்தான அது."

"எனக்கு இல்ல. உங்க அக்காவுக்கு. ஆபரேசன் பண்ணிகீது. புண்ணு ஆற மாட்டேங்குது."

மாமா கையிலிருந்த நரம்பை அப்படியே கீழே போட்டுவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. "எங்க அக்காவ ஆஸ்பத்திரில போட்டுட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லல இல்ல? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்தார்கள். நைனா ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவர். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, மாமா கத்தி ஓயும்வரை நின்றார். பிறகு, "அன்னிக்கு உன்ன எலையிலர்ந்து எழுப்புனது என் தப்பு மச்சான்" என்றார். என் நைனா யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, வெளியே வந்து, "மொதல்ல உள்ள வந்து சாப்டுங்க, அப்புறம் சண்ட போடலாம்" என்றாள். நைனா உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டு, தட்டை வழித்து நக்காத குறையாக எழுந்தார். சாயங்காலம் மாமா பள்ளத்தங்கரையில் மீனுக்காகக் காத்திருந்தபோது நைனா நூறடி தள்ளி, இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடிபட்ட மீனை ஈரச்சாக்கில் சுற்றி வாளியில் வைத்துக்கொண்டு மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தோம். அம்மா மீனைப் பார்க்கவே இல்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இளச்சிட்டியேடா" என்று அழுதாள், கிழிந்த நாராகக் கிடந்தவள் அவள்! அன்றைக்குக் குழம்பும் சோறுமாக இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மாமா வாரம் தவறாமல் மீனோடு வந்தார். புண் ஆறியது ஊசியாலா, மீனாலா என்று எனக்குத் தெரியாது, ஆறிவிட்டது.

இப்போது நானும் அம்மாவும் ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். நைனா போய் நாலைந்து வருஷமாகிறது. தாங்கல் இருந்த இடத்தில் வீட்டு மனைகள். வேப்பம்பட்டுப் பள்ளங்களைத் தூர்த்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் விரால் தார்ப்பாய்த் தொட்டியில் தீனி போட்டு வளர்த்தது, எல்லாம் ஒரே சாம்பல் நிறம், அவர்களே தோலுரித்துத் துண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் அப்படி ஒரு பையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தபோது, "கறுப்பா வெள்ளையான்னு தெரியலம்மா, கரப்பான் வந்தா என்னைக் கேக்காத" என்று சும்மா சீண்டினேன்.

அம்மா சிரித்தாள். "கரப்பானும் கெடயாது ஒண்ணும் கெடயாது. நானா கட்டி உட்டதுதான். வேற எதுக்குடி உங்க நைனா என் தம்பி ஊட்டு வாசப்படி மிதிப்பாரு?"

நைனா சொல்லாதே என்று சொன்னதை இத்தனை வருஷமும் நான் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொன்னேன்: டிரம்மில் கிடந்த மீன் வெள்ளையாகிப்போனதை, அதை ஆக்கிப் போட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது என்பதை, அதைத் தாங்கலில் விட்டுவிட்டு வெறும் வாளியோடு அவர் ரயிலேறியதை.

அம்மா அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏழுமலைக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். மாமாவுக்கு இப்போது காது மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசினாள்.

"டேய், உங்க மாமா அன்னிக்கி மீனுக்கு வரலடா. மீனு அவுரு கையிலயே இருந்துகீது. உன்னக் கூட்டினு போவத்தான் வந்தாரு."

மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா "ஆமாண்டா, ஆமாண்டா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அழுதாள்.