முடிச்சில்லாத புத்தகம்

நீங்கள் கடைசியாகப் புகழ்ந்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பாதியில் மூடி வைத்துவிட்டு, நாலு பேர் சொன்னதில் இரண்டைப் பொறுக்கி, ஐந்தாவது ஆளிடம் அள்ளி விட்டதே இல்லையா? கோபம் வந்தால் வரட்டும். படித்தவர்கள் எட்டுப் பேர் கூடிய ஓர் அறையில் இந்தக் குட்டை உடைத்த ஒரு பெண்ணின் கதை இது. உடைக்க வேண்டும் என்று அவர் வரவில்லை. உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தார்.

பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக அவருக்குப் பெயர் கணக்கக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து எண்ணுவது, வெளுத்து வந்ததில் கிழிந்ததைத் தைப்பது, திரும்ப எண்ணி அனுப்புவது. இதுதான் வேலை. காலையில் உள்ளே வந்தது நானூற்றுப் பன்னிரண்டு விரிப்பு என்றால் மாலையில் வெளியே போவதும் நானூற்றுப் பன்னிரண்டாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுத் தேடுவார். ஒரே ஒரு தலையணை உறைக்காகப் பிணவறை வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தவர்.

மூட்டைக்குள் விரிப்பு மட்டுமா வரும்? மூக்குக்கண்ணாடி வரும், சீப்பு வரும், ஒருமுறை மூட்டையைப் பிரித்ததும் ஒரு பல்செட் அவரைப் பார்த்துச் சிரித்தது. புத்தகங்களும் வரும். படுத்தபடியே படித்து, அப்படியே தூங்கிப்போனவர்களின் புத்தகங்கள். அவற்றை உரிய வார்டுக்கு அனுப்புவார். அதற்குள் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார். சிலர் வீட்டுக்குப் போகாமலேயும் போயிருப்பார்கள். கேட்பாரற்றுத் திரும்பிய புத்தகங்கள் உலர்த்தியின் மேலே ஒரு பலகையில் சேர்ந்தன. மதிய இடைவேளையில் கணக்கக்கா அவற்றைப் படித்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பச்சைப் பொய். அவர் நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டார். வீட்டில் ஒருவருக்குத்தான் பள்ளிக்கூடம் என்று முடிவானபோது, அந்த ஒருவர் அவருடைய தம்பி.

பலகை நிறைந்ததும் முப்பத்தேழு புத்தகங்களைப் பையில் கட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கொடுக்கப் போனார்.

"இதெல்லாம் நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டார் நூலகரம்மா.

"ஒண்ணைத் தவிர எல்லாம் படிச்சேன் மேடம். அது துணியோட துணியா மெஷினுக்குள்ள போயிடுச்சு. கொலை பண்ணது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

நூலகரம்மா சிரித்தார். அடுத்த அரைமணி நேரம் கணக்கக்கா பேச, அவர் கேட்டார். பிறகு ஓர் உறுப்பினர் அட்டையை எழுதிக் கொடுத்து, "மாடியில வாசகர் வட்டம் நடக்குது, ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

வட்டத்தில் எட்டுப் பேர். எல்லோருக்குமாக ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு ஐந்து நாள் என்று கைமாறிப் போகும். சுற்று முடிந்ததும் கூடி, கருத்தைச் சொல்ல வேண்டும். தலைமை, ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒரு வங்கி அதிகாரி அம்மா, ஒரு பேருந்து ஓட்டுநர், இன்னும் நாலு பேர். கடைசியாகச் சேர்ந்ததால் கணக்கக்காவுக்குப் புத்தகம் கடைசியில்தான் வரும். பேச்சும் கடைசியில்தான் வரும். அதற்குள் மற்ற ஏழு பேரும் குறியீடு, படிமம் என்று பந்தல் போட்டு முடித்திருப்பார்கள். அவர் எழுந்து, "நல்லாருந்துச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

"அக்கா விமர்சனம் எப்பவும் ஒத்தை வார்த்தைதான்" என்பார் வங்கி அம்மா. விஷம் இல்லாத சிரிப்புதான். ஆனால் முள் சின்னதாக இருந்தாலும் குத்தாமலா போகும்?

இந்த முறை வந்த நாவல் அவரைப் படுத்திவிட்டது. மூன்று தடவை படித்தார். முடிவு மட்டும் பிடிபடவில்லை. கூட்டத்துக்குக் கிளம்பும்போது முகம் வாடியிருந்தது. வீட்டுக்காரர் லாரி மெக்கானிக், விடுவாரா?

"என்ன, மகாராணி மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?"

"எனக்கு மண்டையில ஏறலைங்க. எட்டாங்கிளாஸ் மூளைக்கு இவ்வளவுதான். இன்னிக்குக் கார்டைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"வண்டி நின்னா, ஓட்டறவன் தப்பா இன்ஜின் தப்பான்னு முதல்ல பாப்பாங்க. பாக்காமலே வண்டியை விக்கற ஆளு நீ ஒருத்திதான்."

"புத்தகத்துக்கு ஏதுங்க இன்ஜின்?"

"எனக்கென்னடி தெரியும்? நான் படிக்கறது ஸ்பானர் நம்பர் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடப் போனார்.

மாடி அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நாவலின் கதை இதுதான். விளக்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா. அவளுடைய தம்பி ஒருநாள் காலையில் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறான். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம். கடிதத்தை அங்கேயே வைத்துப் பூட்டுகிறாள். பன்னிரண்டு வருடம் கழிகிறது. இருநூற்றெண்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரியில், வாசலில் காலடிச் சத்தம் கேட்டு, கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான், பின்னட்டை.

"என்ன ஒரு முடிவு!" என்றார் பேராசிரியர். "திறந்தாளா, திறக்கலையா? ஆசிரியர் சொல்லல. அந்த மௌனம் இருக்கே, அதுதான் இலக்கியம். அந்தக் கதவு வெறும் கதவில்ல. அவ மனசு."

"எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு சார்" என்றார் வங்கி அம்மா.

"ஆமா சார், மௌனம்" என்றார் ஓட்டுநர்.

முறை கணக்கக்காவிடம் வந்தது. அட்டை கைப்பைக்குள் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தால் போதும், எழுந்து போய்விடலாம். ஆனால் இருபத்தாறு வருடத்துப் பழக்கம் அவரை விடவில்லை.

"சார், அந்தக் கடிதம் என்னாச்சு?"

"எந்தக் கடிதம்?"

"நாற்பதாம் பக்கத்துல இழுப்பறைக்குள்ள போச்சே, அது. நான் மூணு தடவை பாத்துட்டேன். உள்ள போனது வெளிய வரவே இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேராசிரியர் கனிவாகத்தான் சொன்னார்: "அம்மா, இது சலவைக் கணக்கு இல்ல. வாழ்க்கையில எல்லாக் கடிதமும் பிரிக்கப்படறதில்ல. பிரிக்காத கடிதந்தான் இந்த நாவலோட உயிரே. இதை ரசிக்கக் கொஞ்சம் பயிற்சி வேணும்."

கனிவுதான். ஆனால் இந்த உலகத்தில் எளியவர்களின் வாயை அடைக்கப் பயன்பட்டவற்றில் அதட்டலைவிடக் கனிவே அதிகம். பயிற்சி வேண்டும், பக்குவம் வேண்டும், உனக்குப் புரியாது. எத்தனை நூற்றாண்டுகளாக எத்தனை கேள்விகளை இந்த மூன்று வாக்கியங்களால் மூடி வைத்திருக்கிறோம்!

கணக்கக்காவும் பாதி நம்பிவிட்டார். விளக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. சரி, நமக்குத்தான் எட்டவில்லை என்று அட்டையை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். புத்தகம் மடியில் இருந்தது. அது வழுக்கி விழப்போக, முதுகுப் பக்கமாகப் பிடித்தார். அதன் பழைய மேலட்டை தையலை விட்டு வாய் பிளந்தது. உள்ளே இழைகள் தெரிந்தன. கிழிசல் கண்ணில் பட்டால் அவர் விரல் சும்மா இருக்காது. கடைசித் தையலைத் தடவிப் பார்த்தது. அங்கேயே நின்றது.

"சார்," என்றார். குரல் மாறியிருந்தது. "இதுல முடிச்சு இல்ல."

"என்னம்மா?"

"தைக்கிறவங்க கடைசியில முடிச்சுப் போடாம விடமாட்டாங்க. விட்டா மொத்தமும் பிரிஞ்சிடும். இங்க பாருங்க, இழை அறுந்து தொங்குது. இதுக்கப்புறம் இன்னொரு மடிப்பு, மடிச்சுத் தைச்ச தாள்கட்டு, இருந்திருக்கு சார். அது கழண்டு விழுந்தப்புறம் யாரோ மேல அட்டையை ஒட்டியிருக்காங்க."

"விரிப்புக்கும் புத்தகத்துக்கும் ஒரே தையலா அக்கா?" என்று சிரித்தார் வங்கி அம்மா.

நூலகரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கீழே போய், புத்தகம் வாங்கிய அன்றே எழுதி வைத்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலால் வரிசையாகத் தேடி, நின்று, படித்தார்: "மொத்தப் பக்கம் முந்நூத்தி நாலு."

கையில் இருந்த பிரதியிலோ இருநூற்றெண்பத்தெட்டுதான். பதினாறு பக்கம். ஒரு மடிப்பு. எட்டுப் பேரில் ஒருவர்கூட நாவலின் முடிவைப் படித்திருக்கவில்லை.

முதலில் வாய் திறந்தவர் ஓட்டுநர். "உண்மையைச் சொல்லிடறேன். நான் நூத்தம்பதுலயே இறங்கிட்டேன். சார் மௌனம்னாரு, நானும் மௌனம்னேன்."

"நான் முதல் அத்தியாயமும் கடைசிப் பக்கமும்" என்றார் வங்கி அம்மா, தரையைப் பார்த்தபடி. "வருஷக் கடைசிங்க, வேலை."

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஒரு வரி விடாம ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். "அதுதான் எனக்கு அவமானம். முப்பது வருஷம் பாடம் எடுத்தவன். கடிதம் எங்கேன்னு எனக்குக் கேக்கத் தோணல. நீங்க கேட்டீங்க, நான் உங்க வாயை அடைச்சேன்."

பெரிய மனிதர்கள் தப்பை ஒப்புக்கொள்வது அரிது. அதனால் இதையும் பதிவு செய்தே ஆக வேண்டும்: அவர் எழுந்து வந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியைத் துடைத்து, கணக்கக்காவை அங்கே உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "இந்த விசிறிக்குக் கீழயே நல்லாருக்கு சார்" என்றார்.

அடுத்த ஞாயிறு பக்கத்துக் கிளை நூலகத்திலிருந்து முழுப் பிரதி வந்தது. கடைசிப் பதினாறு பக்கத்தைக் கணக்கக்காதான் வாசிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் பக்கத்தில் தடுமாறினார், இரண்டாவதில் தண்ணீர் குடித்தார், மூன்றாவதிலிருந்து அறையையே மறந்துவிட்டார். அவள் கதவைத் திறக்கிறாள். நிற்பது தபால்காரர், வீடு தவறி வந்தவர். போகத் திரும்பியவரைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வருட வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, இழுப்பறையிலிருந்த கடிதத்தை நீட்டுகிறாள். அதில் இரண்டே வரிகள்: 'அக்கா, ராத்திரியில் தாழ்ப்பாள் போடாதே. எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவேன்.' பன்னிரண்டு வருடமாக அவள் தினமும் போட்ட தாழ்ப்பாள்.

ஓட்டுநர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வங்கி அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"என் மூடிய கதவு போச்சேம்மா!" என்றார் பேராசிரியர்.

"உங்க விளக்கம் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார் கணக்கக்கா. "கதைதான் வேற."

பழைய பிரதியைக் கழித்துவிடலாம் என்றார் நூலகரம்மா. கணக்கக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு பக்கத்தையும் நகல் எடுக்கச் சொல்லி வாங்கிப் போய், சலவைக்கூடத்தின் தடித்த ஊசியால் தைத்து, கடைசியில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கார்டைக் குடுத்துட்டியா?" என்று அன்றைக்குத்தான் நினைவு வந்தவராகக் கேட்டார் வீட்டுக்காரர்.

"இல்லைங்க. இன்ஜின்லதான் தப்பு."

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் மெச்சிய அந்தக் கடைசிப் புத்தகத்தை எடுங்கள். உள்ளே போய் வெளியே வராத கடிதம் ஒன்று அதிலும் இருக்கலாம். தேடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். உங்களுக்கு முன்னால் வேறொருவர் கை தூக்கினால், அவர் எந்த வேலை செய்கிறவர், எத்தனையாம் வகுப்பு என்று பார்க்காமல், விளக்கம் சொல்ல வாயைத் திறக்கும் முன் ஒருமுறை புத்தகத்தைத் திருப்பி அதன் தையலைப் பாருங்கள்.