‘இல்லை’ என்று சொன்ன கடைக்காரம்மா

வத்தலக்குண்டிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி டிரைவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். மூட்டையை இறக்கும் முன்பே, “பேச்சியம்மா அக்கா பாலசமுத்திரத்துல மக வீட்டுல தவறிட்டாங்கண்ணே” என்றார். கொடைக்கானல் கடைத்தெருவில் பதினைந்து வருஷம் எனக்கு எதிர்க்கடை வைத்து, என் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேரை இழுத்துக்கொண்டவர் அவர். அதில் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் கடைத்தெருக்காரர்களான உங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அன்று கடையைச் சாத்திவிட்டேன்.

சில வருஷத்துக்கு முந்தைய அந்தப் புயல் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வரவில்லை. மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்து, லாரிகள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. என் கடையில் பால்மாவு டப்பா தீர்ந்து நாலு நாள். ‘இல்லை’ என்று வாயால் சொன்னால் கடைக்கு ஆகாது என்பது நம் தொழிலில் அப்பா காலத்து வழக்கம். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் “நாளைக்கு வரும்” என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அட்டுவம்பட்டியிலிருந்து ஒரு பெண் தினமும் நனைந்துகொண்டே நடந்து வந்தாள். மூன்று மாதக் கைக்குழந்தை. காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. மூன்றாம் நாளும் அவளிடம் அதையே சொன்னேன். அதைக் கேட்டுப் பேச்சியம்மா அக்கா தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

“எந்த லாரில தம்பி வருது நாளைக்கு? ரோடே சரிஞ்சு கெடக்கு. இல்லைன்னு சொல்லியிருந்தா முந்தாநாளே இந்தப் புள்ள வேற வழி பாத்திருக்கும்ல?”

“யாவாரத்துல அப்படிச் சொல்லலாமாக்கா?”

“புள்ள பசி தாங்குமா? அதச் சொல்லு மொதல்ல.”

பசு வைத்திருந்த வீட்டுக்கு அவளைக் கையோடு அழைத்துப்போய்ப் பால் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து, இல்லாத சாமான்களையெல்லாம் ஒரு சிலேட்டில் எழுதித் தன் கடை வாசலில் தொங்கவிட்டார். அதோடு விடவில்லை. பூண்டு இறக்கிவிட்டுச் சும்மா நின்ற பூம்பாறைக் குதிரைக்காரரிடம் போய், பெரியகுளத்துக்குப் பழைய குதிரைப்பாதையில் இறங்கிப் பால்மாவு ஏற்றி வரலாம் என்றார். அவர் தயங்கி வானத்தைப் பார்த்தார்.

“ஏலே, வெரசா கெளம்பு. பயமா இருந்தா கயித்த எங்கிட்டக் குடு.”

ஐம்பது வயதில் குதிரைக்கு முன்னால் நடந்தார். வெட்கத்தில் நானும் கூடப் போனேன். நான் ஒரு வளைவில் சறுக்கித் தயங்கியபோது, “நின்னா இன்னும் வழுக்கும், நட” என்றார். மறுநாள் சாயங்காலம் பூண்டு வாடை அடிக்கும் சாக்குகளில் டப்பாக்கள் மேலே வந்து சேர்ந்தன. பாதியை என் கடையில் இறக்கச் சொன்னார். அதன்பின் அவரை எதிர்க்கடைக்காரி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் மூச்சிரைப்புக்காக மகள் வீட்டுக்குப் போனபோது, அந்தச் சிலேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது என் கடை வாசலில் தொங்குகிறது. தெருவில் கேலி செய்யாதவர்கள் கிடையாது. நான் எடுப்பதாக இல்லை.

நேற்று அட்டுவம்பட்டிப் பெண் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பூட்டிய எதிர்க்கடையைப் பார்த்து, “அக்கா எப்பங்க வருவாங்க?” என்று கேட்டாள். பழைய பழக்கம், ‘நாளைக்கு’ என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“அக்கா தவறிட்டாங்கம்மா. இனிமே வரமாட்டாங்க.”